ஆறு நாள் படைப்பும் ஒரே பாத்திரமும்

ஒத்தக்கடைச் சனங்களுக்குப் படைப்புக் கதை ஒன்றும் புதுசில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே படுத்துக் கிடக்கிற யானைமலையே ஒரு படைப்புக் கதைதான். சோழன் தூண்டிவிட, சமணர்கள் வேள்வி செய்து மதுரையை அழிக்க ஒரு யானையை ஏவினார்களாம். சொக்கநாதர் வில்லெடுத்து வந்து அம்பு விட்டாராம். செத்த யானை கல்லாகிக் கிடக்கிறதாம். திருவிளையாடற் புராணத்தில் ‘யானை எய்த படலம்’ என்று தனிப் படலமே உண்டு. ஆனால் அதே மலையில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முந்திய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இந்த மலையை ‘இவகுன்றம்’ என்கிறது. இவம் என்றால் யானை. ஆக, யானை என்ற பேர் முதலிலேயே இருந்திருக்கிறது. அந்த யானையை ஏவியவன் சமணன் என்ற கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மலையில் குடியிருந்தவனையே மலைக்கு வில்லனாக்கிவிட்டது. இது உண்மையா பொய்யா என்று மண்ணியல் படித்தவரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவார். யார் சொன்னது, யாரைத் தள்ளுவதற்குச் சொன்னது என்று கேட்டால்தான் கதை வாயைத் திறக்கும்.

அதே கேள்வியோடு ஆதியாகமத்துக்கு வருவோம். அதை வைத்து நடக்கிற சண்டை நமக்குப் பழக்கமானது. ஒரு பக்கம் கன்வென்ஷன் கூட்டத்துத் துண்டுப்பிரசுரம்: உலகத்துக்கு ஆறாயிரம் வயசு, ஆறு நாளில் எல்லாம் முடிந்தது, டார்வின் சொன்னது பிசாசின் உபதேசம். இன்னொரு பக்கம் விவசாயக் கல்லூரியில் படிக்கிற நம்ம பிள்ளைகள்: முதல் நாள் வெளிச்சம், நாலாம் நாள்தான் சூரியன்னா, அந்த மூணு நாள் வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சு? மூன்றாவது ஆள், இறையியல் கல்லூரி வாசலை மிதித்தவர்: தம்பி, அது வரலாறு இல்லை, கவிதை; கவிதையிடம் போய்க் கணக்குக் கேட்கலாமா? மூன்று பேரும் விவரமானவர்கள்தான். மூன்று பேரிடமும் நமக்கு வழக்கு இருக்கிறது.

ஆறாயிரம் வயசு என்பது பைபிளில் எழுதியிருக்கிற கணக்கே இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வம்சாவளிகளைக் கூட்டிக் கழித்து, கி.மு. 4004 என்று போட்ட கணக்கு. 1701 முதல் ஆங்கில பைபிளின் ஓரத்தில் அச்சாகி, அந்த ஓரக்குறிப்பே வேதமாகிவிட்டது. சூரியன் இல்லாமல் பகல் ஏது என்று நம்ம பிள்ளைகள் கேட்கிற கேள்வியை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கேட்டுவிட்டார். அவர் நாத்திகர் அல்ல, சபையின் ஆசான். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன், படைப்பு ஒரே நொடியில் நடந்தது என்றார். இயற்கையைப் பற்றி விசுவாசிகள் உளறி வெளியாரிடம் சிரிப்புக்கு ஆளாகாதீர்கள் என்றும் எச்சரித்தார். எழுத்துக்கு எழுத்து பிடித்துத் தொங்குவதுதான் பழைய விசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரதியையே புரட்டுவோம். முதல் அதிகாரத்தில் செடிகொடி, மீன், பறவை, மிருகம், கடைசியில் மனுசன். ஆணும் பெண்ணும் சேர்ந்தே, கடவுளின் சாயலில். இரண்டாம் அதிகாரத்தில் கதை வேறு. மண்ணைப் பிசைந்து முதலில் மனுசன், பிறகு தோட்டம், பிறகு மிருகங்கள், கடைசியில் விலா எலும்பிலிருந்து பெண். இரண்டில் கடவுளின் பெயரும் வேறு. 1753இல் பிரெஞ்சு மருத்துவர் ஆஸ்த்ருக் இதைப் பிரித்துக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வெல்ஹவுசன் அதை முழு ஆய்வாக்கினார். முதல் அதிகாரம் பாபிலோனுக்குச் சிறை போன காலத்தை ஒட்டி, கி.மு. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது என்பது அறிஞர்களில் பலர் ஏற்கிற கருத்து. அந்தப் பாபிலோனின் படைப்புக் கதை எழுதிய களிமண் பலகைகள் நினிவேயில் தோண்டியெடுக்கப்பட்டன. 1876இல் ஜார்ஜ் ஸ்மித் அதை வெளியிட்டபோது ஐரோப்பியத் திருச்சபை ஆடிப்போனது. அந்தக் கதையில் தோற்றுப்போன ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் ரத்தத்திலிருந்து மனுசனைச் செய்கிறார்கள். எதற்கு? தெய்வங்கள் ஓய்வெடுக்க, மனுசன் பாடுபட. அங்கே கடவுளின் சாயல் என்பது ராஜாவுக்கு மட்டுமே உள்ள பட்டம். சிறைப்பட்டு வந்தவர்கள் அதே ஊரில் உட்கார்ந்து, சாயல் எல்லாருக்கும் என்று எழுதினார்கள். ஏழாம் நாள் ஓய்வு என்றும் எழுதினார்கள். அந்த ஓய்வு அடிமைக்கும் மாட்டுக்கும் உண்டு என்று அவர்களுடைய சட்டம் பின்னால் சொல்லிற்று. வருசம் முழுக்கப் பண்ணையில் கிடந்த நம்ம பாட்டன்மாருக்கு ஒரு நாள் ஓய்வு என்பது எவ்வளவு பெரிய சொல்!

ஆக, அது வெறும் கவிதை இல்லை. கவிதைதான் என்று தட்டிவிடுகிற இறையியல்காரர் ஒரு வழக்குமன்றத்தைப் பூங்காவாக மாற்றிவிடுகிறார். யார் வேலை செய்யணும், யார் ஓய்வெடுக்கணும் என்பதுதான் அங்கே வழக்கு.

இந்த வழக்கு தமிழ்நாட்டில் எப்படி நடந்தது என்பதற்கு என்னிடம் இருக்கிற நல்ல சாட்சி தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், சரபோஜி மன்னரோடு பழகியவர், 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற புதிய வானவியலைப் படைத்தவனின் பெருமையாகவே அந்த இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். ரோமாபுரியில் கலிலேயோவை மண்டியிட வைத்த விஷயம் தஞ்சாவூரில் ஒரு குறவஞ்சிக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. ஆதியாகமத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. சாஸ்திரியாருக்கு வானம் வளைந்துகொடுத்தது.

வளையாத இடம் வேறு. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள், கோயிலுக்குள் வேளாளர் ஒரு பக்கம் பறையர் ஒரு பக்கம் உட்காருவது கூடாது, நற்கருணைப் பாத்திரத்தில் வேளாளர் குடித்த பிறகுதான் பறையர் என்ற முறையும் கூடாது என்றார்கள். சாஸ்திரியார் கொதித்தார். 1829இல் சாதி ஆசாரத்தை ஆதரித்து நூலே எழுதினார். அவருடைய குற்றப்பட்டியலைப் பாருங்கள்: பாளையங்கோட்டை இரேனியஸ் பழைய பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார், சாதிகளை ஒன்றாகக் கலக்கிறார்கள், தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து விரட்டுகிறார்கள். எல்லாம் ஒரே மூட்டை. (தமிழ் இசைக்காக அவர் போட்ட சண்டை நியாயம், அதை நான் மறுக்கவில்லை. நியாயமான சண்டையோடு சேர்த்துக் கட்டினால் அநியாயமும் நியாயமாகத் தெரியும் என்பது நம்ம நாட்டில் பழைய உத்தி.) வேதத்தின் எழுத்தை மாற்றாதே என்ற குரலும் என் பக்கத்தில் பறையனை உட்கார வைக்காதே என்ற குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதியை விட்டே ஆகவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். அப்புறம் அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சாதியைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷன் இடம் கொடுத்தது. பூமியை நகர்த்த முடிந்தது. பாத்திரத்தை நகர்த்த முடியவில்லை. மதத்துக்கும் அறிவியலுக்கும்தான் சண்டை என்று யாராவது மேடையில் பேசினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இரண்டாம் அதிகாரப்படி எல்லாரும் ஒரே மண். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் அந்த மண்ணுக்கு நடுவே சுவர் வைத்தார்கள். வடக்கன்குளம் கோயிலுக்குள் நின்ற சுவர் 1910இல்தான் விழுந்தது. எறையூரில் 2008இல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்ட பிரச்சினை துப்பாக்கிச் சூட்டில் போய் நின்றது.

பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் வெளியிட்ட ‘சூத்திரர்கள் யார்?’ நூலில் புருஷசூக்தத்தை எகிப்தியப் படைப்புக் கதையோடும் ஆதியாகமத்தோடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். மற்ற சமூகங்களுக்குப் படைப்புக் கதை வேடிக்கையான விஷயம், குழந்தைகளுக்குச் சொல்லலாம்; புருஷசூக்தம் மட்டும் அப்படியில்லை, அது சமூகத்துக்குச் சட்டமாகிவிட்டது என்பது அவர் வாதம். வாய், தோள், தொடை, பாதம் என்று நாலு பேருக்கு இடம் கொடுத்த அந்த உடம்பில் ஐந்தாமவனுக்குப் பாதத்துக்குக் கீழேகூட இடம் இல்லை. வாதம் சரி. ஆனால் ஆதியாகமத்தை அவர் இவ்வளவு லேசாக விட்டிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்கத் தோட்ட முதலாளிகள் ஒன்பதாம் அதிகாரத்து நோவாவின் சாபத்தை அடிமை முறைக்குப் பத்திரமாக்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபை 1974இல் கூடப் பாபேல் கோபுரக் கதையைக் காட்டி நிறப்பிரிவினைக்கு வக்காலத்து வாங்கியது. முதல் அதிகாரத்தையும் விடவில்லை. கறுப்பர்கள் ஆதாமுக்கு முந்தி உண்டான வேறு இனம் என்று புத்தகம் போட்டவர்களும் உண்டு. எந்தப் பிரதியும் தானாக நம்ம பக்கம் நிற்காது.

அப்படியானால் சேரியில் இருக்கிற அம்மா ஏன் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள்? ‘எழுதியிருக்குய்யா’ என்று ஏன் சொல்கிறாள்? படித்த நாம் அதை மூடநம்பிக்கை என்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய வீட்டுக்காரன் வாய் வார்த்தையே சட்டமாக இருந்த ஊரில், யாரும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாத ஒரு எழுத்து அவள் கைக்கு வந்தது. நீயும் கடவுள் சாயல் என்று அதில் இருந்தது. அவளுக்கு அது பட்டா. அந்தப் பட்டாவைப் பிடுங்கி, ‘பாட்டி, இது பாபிலோன் காலத்துக் கவிதை’ என்று விளக்கம் சொல்வது சுலபம். பதிலுக்கு என்ன கொடுக்கிறோம்? அதே சமயம் பட்டா இருப்பதால் மட்டும் நிலம் வந்துவிடாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? 1892 உத்தரவில் கொடுத்த பஞ்சமி நிலத்துக்கும் காகிதம் இருக்கிறது. நிலம் யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்கு உயிரைக் கொடுத்தார்கள். ஆறு நாளா அறுநூறு கோடி வருசமா என்று தொண்டை கிழியப் பேசுகிற போதகர், அதே அதிகாரத்தில் இருக்கிற சாயலுக்குப் பொறுப்பு எடுத்துக்கொண்டால் அவருடைய பைபிள் நம்பத் தகுந்ததா என்ற கேள்விக்குச் சேரியே பதில் சொல்லிவிடும்.

நம்ம தலித் இறையியலாளர்களிடமும் ஒரு குறை உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஆதியாகமத்தைத் தாண்டி யாத்திராகமத்துக்கு ஓடிவிடுகிறார்கள். அர்விந்த் நிர்மல் உபாகமத்தின் விசுவாச அறிக்கையிலிருந்து தொடங்கினார்: அடிமையாக இருந்தோம், விடுவிக்கப்பட்டோம். உற்சாகமான தொடக்கம். ஆனால் அந்த விடுதலைப் பயணம் போய் முடிகிற இடம் கானான். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவன் கதி என்ன? நோவா சபித்ததும் கானானைத்தானே? சாபம் முதலில் வருகிறது, நிலம் பறிப்பது அப்புறம் வருகிறது. அமெரிக்கப் பூர்வகுடி அறிஞர் ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் இதைக் கேட்டார். நிலம் பறிகொடுத்த நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. யானைமலைக்கடியில் குடியிருக்கிறவனுக்கு இந்த வித்தை உடனே புரியும்.

ஆதியாகமத்தில் தங்கி நின்றவர் என்று நான் மதிப்பவர், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு. பாட்டாளியாக அவர் பெயர் பரட்டை. 2005இல் மறைந்தார். பப்ரிசியஸ் பராபரன் என்றார். 1871 மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995 திருவிவிலியம் கடவுள் என்கிறது. பரட்டை கிராமத்துப் பேச்சில் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார். ஆணா பெண்ணா என்று அந்தச் சொல்லில் பிரிக்க முடியாது. முதல் அதிகாரத்தின் ஆண்–பெண் சாயலுக்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு இன்னும் வரவில்லை. விலா எலும்பைக் காட்டி ‘துணைதானே நீ’ என்று சேரிக்குள்ளேயே ஆண்கள் பேசுகிற பேச்சுக்கும் அது பதில். ஒரே சட்டியில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பதுதான் நற்கருணை என்றும் அவர் சொன்னார். சாஸ்திரியார் காலத்துப் பாத்திரச் சண்டைக்கு நூற்றைம்பது வருசம் கழித்து வந்த பதில் என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிற ஆள் யார் என்று கேட்டால் நான் இந்திய அரசைத்தான் கை காட்டுவேன். கிறிஸ்தவத்தில் எல்லாரும் ஒரே சாயல், ஆகவே அங்கே தாழ்த்தப்பட்டவன் கிடையாது. இதுதான் 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது, 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் சூசை, பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் போனார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை. ஆதாரம் கொண்டுவர வேண்டிய பொறுப்பு செருப்புத் தைப்பவர் தலையில். அந்த ஆதாரத்தில் பாதி திருச்சியில் சுவராக நின்றுகொண்டிருந்தது.