கசிவு நீரின் நிறம்

தொப்பம்பட்டிப் பக்கம் அணை என்றாலே, “எத்தனை அடி தண்ணி நிக்குது?” என்றுதான் கேட்பார்கள். பழனி மலையடிவாரத்துப் பாலாறு - பொருந்தலாறு அணைக்கு முழு மட்டம் 65 அடி. நீர் தளும்பும் முன்பக்கத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது எந்த மண் அணையிலும் பின்பக்க அடிவாரம்தான்.

மண் கரை கசியத்தான் செய்யும். களிமண்ணைத் தாண்டி வரும் நீரை மணல் வடிகட்டி வாங்கி, மண்ணை நிறுத்திவிட்டு, கல்லடுக்கு வழியே வெளியே விடும். அந்த நீரை அளக்க, ‘வி’ போல வெட்டிய ஒரு தகடு போதும். 90 பாகை வெட்டில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓடினால் நொடிக்கு முக்கால் லிட்டர். 10 சென்டிமீட்டர் என்றால் சுமார் 4.4 லிட்டர். என்ன அழகான கருவி!

அளவைவிட நிறம் முக்கியம். தெளிவாக வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளிருந்து அரிபடுகிறது. அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலை கலங்கல் நீர் தெரிந்தது. நண்பகலுக்குள் கரை உடைந்தது. இத்தனைக்கும் அது புது அணை. பழையவையும் தப்புவதில்லை: இலங்கையின் பழம்பெரும் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரலில் உடைந்தது.

இந்தியாவின் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கேட்கிறது. நல்லதுதான். ஆனால் புல் செதுக்காத கரையில் எலி வளையும் தெரியாது, ஈரமும் தெரியாது. சீமைக் கருவேலத்தைக் கன்றிலேயே பிடுங்கிவிட வேண்டும். மரமானபின் வெட்டினால், வேர் மக்கிய வழியில் தண்ணீர் புகும்.