மேற்கோளும் மூலமும்: தமிழ் ஆய்வேடுகளில் சான்று காட்டும் முறை குறித்துச் சில சிந்தனைகள்

ஓர் ஆய்வேட்டைக் கையில் எடுக்கும் தேர்வாளர் முன்னுரைக்கு முன்பே துணைநூற்பட்டியலைத் திருப்பிப் பார்ப்பதுண்டு. அண்மை ஆண்டுகளில் நம் பார்வைக்கு வந்த ஆய்வேடுகளிலும் கட்டுரைகளிலும் அப்பட்டியல் பெரும்பாலும் ஒழுங்காகவே அமைந்துள்ளது. காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருக்கிறது, நூற்பெயர் சாய்வெழுத்தில் இருக்கிறது, அகரவரிசை பிறழவில்லை. ஆயினும் அப்பட்டியலை நம்பி ஒரு மேற்கோளின் மூலத்தைத் தேடிச் சென்றால் பல வேளைகளில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியுள்ளது. வடிவம் செம்மையாகவும் வழி அடைபட்டும் இருக்கும் இந்நிலையைச் சற்று விரிவாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆண்டு. மு. வரதராசனாரின் தமிழ் இலக்கிய வரலாறு சாகித்திய அக்காதெமியின் வெளியீடாக 1972இல் வந்தது. அவர் 1974இல் மறைந்தார். மாணவர் கையில் கிடைப்பது பிற்கால மறுபதிப்பு. ஆகவே கட்டுரையின் உள்ளே 'வரதராசன் (2003) கருதுகிறார்' என்று எழுதப்படுகிறது. மறைந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆன ஒருவர் 2003இல் ஒரு கருத்தைக் கருதியதாக ஆகிவிடுகிறது. இது வெறும் வேடிக்கை அன்று. 1972க்குப் பின் வெளிவந்த கல்வெட்டு, தொல்லியல் ஆய்வுகளை அறிந்தே அவர் அவ்வாறு எழுதினார் என்று படிப்பவர் எண்ணுவதற்கு அந்த ஆண்டுக்குறிப்பு இடம் தருகிறது. பாரதியார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1921இல் மறைந்த கவிஞரின் கட்டுரைகள் ஒவ்வொரு பதிப்பகத்தின் மறுபதிப்பு ஆண்டையும் ஏற்றுக்கொண்டு நம் ஆய்வுகளில் உலா வருகின்றன. 1906இல் 'இந்தியா' இதழில் எழுதியவரும் புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தபின் எழுதியவரும் ஒரே மனநிலையினர் அல்லர். சீனி. விசுவநாதன் கால வரிசையில் பாரதி படைப்புகளைத் தொகுக்க அத்தனை உழைப்பைச் செலவிட்டது இவ்வேறுபாடு புலப்பட வேண்டும் என்பதற்காகவே. முதற்பதிப்பாண்டையும் பயன்படுத்திய பதிப்பின் ஆண்டையும் சேர்த்துக் காட்டுவதற்கு எல்லா மேற்கோள் முறைகளும் இடம் தருகின்றன. ஒரு சாய்கோடு போதும்.

ஆண்டைவிடச் சிக்கலானது பதிப்பு. தொல்காப்பியத்தை மேற்கோள் காட்டும் மாணவர் 'தொல். சொல்.' என எழுதி ஓர் எண்ணையும் இட்டுவிடுகிறார். சொல்லதிகார நூற்பாக்கள் இளம்பூரணர் பகுப்பின்படி 456. சேனாவரையர் பகுப்பின்படி 463. தெய்வச்சிலையார் பகுப்பின்படி 453. நூல் முழுவதையும் எண்ணினால் இளம்பூரணர் உரையில் 1595, நச்சினார்க்கினியர் உரைப்படி 1611. ஒருவர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை மற்றொருவர் இரண்டாகப் பிரித்ததே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அப்பிரிப்பு எண்ணிக்கை பற்றியது மட்டும் அன்று. ஒரு தொடரைத் தனி விதியாகக் கொள்வதா, முன்னதன் விளக்கமாகக் கொள்வதா என்பது இலக்கணக் கொள்கை பற்றிய முடிவு. உரையாசிரியர் பெயர் இல்லாத எண் ஆய்வாளர் எக்கொள்கையின்மேல் நின்று பேசுகிறார் என்பதை மறைத்துவிடுகிறது.

உரையாசிரியர் பெயரைக் குறித்தாலும் போதாத இடம் உண்டு. சி.வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். அப்பதிப்பில் நச்சினார்க்கினியருடையதாக அச்சிடப்பட்ட மெய்ப்பாட்டியல், உவமவியல், மரபியல் உரைகள் பேராசிரியருடையவை என்பதைப் பின்வந்த அறிஞர்கள் நிறுவினர். இதனால் தாமோதரம்பிள்ளையின் பெருமை குறைவதில்லை. ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து அச்சேற்றிய அவர் இல்லையேல் பின்வந்தோர் திருத்துவதற்கே ஒன்றும் இருந்திராது. ஆனால் மெய்ப்பாடு பற்றி 'நச்சினார்க்கினியர் கூறுவர்' என்று ஒருவர் இன்று எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டாக வேண்டும். பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் குறிக்கப்பட்டிருப்பின் பிழையின் ஊற்று உடனே விளங்கும். இல்லையேல் அப்பிழை அடுத்த ஆய்வேட்டிற்கும் கைமாறிச் செல்லும்.

திருக்குறளுக்கு இத்தொல்லை இல்லை என்று ஆசிரியர்கள் பலர் கருதுகின்றனர். 1330 குறளுக்கும் எண் உறுதிப்பட்டுவிட்டது என்பது உண்மையே. அந்த எண் பரிமேலழகர் வைப்புமுறையைத் தழுவியது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துள் குறள்கள் நிற்கும் வரிசை பல இடங்களில் வேறு. மணக்குடவரின் பொருளமைப்பை ஆராயும் கட்டுரை பரிமேலழகர் வரிசை எண்ணை மட்டும் இட்டுச் சென்றால், தான் ஆராய வந்த அமைப்பைத் தானே அழித்துவிடுகிறது.

சங்கப் பாடல்களில் பாட்டெண்ணை மட்டும் தருவது மரபாகிவிட்டது. வகுப்பறைக்கு அது போதும். பாடவேறுபாட்டைத் தொடும் ஆய்வுக்குப் போதாது. குறுந்தொகை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பாக வந்தது, 1937இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பு வந்தது. 2010இல் ஏவா வில்டன் ஏடுகளையும் முன்னைய அச்சுப் பதிப்புகளையும் ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளோடு கூடிய செம்பதிப்பை வெளியிட்டார். நற்றிணைக்கு அவருடைய பதிப்பு 2008இலேயே வந்துவிட்டது. ஒரு சொல்லின் மேல் ஒரு வாதத்தைக் கட்டி எழுப்பும் ஆய்வாளர், அச்சொல் எந்தப் பதிப்பில் அவ்வாறு உள்ளது என்பதைச் சொல்லாமல் நழுவ இனி இயலாது. சந்தி பிரித்த பதிப்புகளைப் பயன்படுத்துவோருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பிரித்தவர் ஒருவர் இருக்கிறார். பிரித்தது அவருடைய முடிவு.

இனி, நம்மை மிகவும் உறுத்துவது இரவல் மேற்கோள். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் முதலில் வந்தது. அவரே திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. அவர் 1891இல் மறைந்தபின், 1913இல் வேறிருவர் பதிப்பித்த மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் இரண்டாம் பதிப்பின் சில பகுதிகள் நீக்கப்பட்டன. பறையர் பற்றிய பின்னிணைப்பு அவற்றுள் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகம் பின்னாளில் மறுபதிப்பாகத் தந்தது இந்த மூன்றாம் பதிப்பையே. 1875ஆம் ஆண்டுப் பதிப்பைக் கவிதாசரண் மீண்டும் அச்சிட்ட 2008 வரை, நம் நூலக அடுக்குகளில் நின்றது பெரும்பாலும் குறைக்கப்பட்ட கால்டுவெல்லே. இதற்கிடையில் எத்தனை ஆய்வேடுகள் 'கால்டுவெல் (1856)' என்று எழுதின! அவற்றுள் பல மூன்றாம் பதிப்பையும் திறந்து பார்த்திருக்கமாட்டா. ஒரு தமிழ் இலக்கிய வரலாற்று நூலில் இருந்த இரண்டு வரியை எடுத்து, அந்நூலின் பெயரை விட்டுவிட்டுக் கால்டுவெல்லின் பெயரை இட்டிருக்கும். 'மேற்கோள், இன்னார் நூலில் கண்டபடி' என்று எழுதுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. காணாத நூலைக் கண்டதாகக் காட்டுவதிலேயே இழுக்கு உள்ளது. அண்மைக்காலக் கணினி உரையாடல் கருவிகள் இல்லாத கட்டுரைக்குப் பக்க எண்ணும், இல்லாத நூற்பாவுக்கு எண்ணும் தயக்கமின்றித் தருகின்றன. நூலைத் திறந்து பார்க்கும் பழக்கம் முன்னரே தளர்ந்துவிட்ட இடத்தில்தான் அவை எளிதில் நுழைகின்றன.

இணையத்தின்மேல் நமக்குப் பகை இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இல்லாதிருந்தால் நூலகம் வாய்க்காத ஆசிரியர் பலர் சில நூல்களைக் கண்டிருக்கவே முடியாது. அதன் மின்பதிப்புகள் பலவற்றின் முகப்பில் எந்த அச்சுநூலிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு உண்டு. மாணவர் அம்முகப்பைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுகிறார். அங்குள்ள இரண்டு வரியைப் படித்துத் தம் பட்டியலில் சேர்த்தாலே பாதிக் குறை தீரும்.

பெயரமைப்பும் ஒரு தொல்லை. குடும்பப்பெயரை முதலில் வைக்கும் ஏபிஏ போன்ற முறைகள் குடும்பப்பெயர் இல்லாத நம்மிடம் வந்து திணறுகின்றன. தந்தை பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளில் வரிசைப்படுத்தியதால் ஒரே அறிஞர் இரண்டு இடங்களில் இருவராக நிற்பதைக் காண்கிறோம். வேதாசலம் என்றும் மறைமலையடிகள் என்றும் வெளிவந்த நூல்கள் ஒருவருடையவை என்பதைப் பட்டியல் சொல்லாவிட்டால் யார் சொல்வது? இதற்கு ஒவ்வொரு துறையும் ஒரு வழக்கத்தை வகுத்துக்கொள்ளலாம். அதை மாறாமல் பின்பற்றினால் போதும். நாம் இதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியைப் பதிப்பை அறிவதற்குச் செலவிட்டிருக்கலாம்.

இவையெல்லாம் மேலைநாட்டார் வழக்கம், நம் முன்னோர் பெயர் சொல்லாமலே எடுத்தாண்டனர் என்று சிலர் கூறுவதுண்டு. 'என்ப', 'என்மனார்' என்று பொதுவாகச் சுட்டும் மரபு இலக்கண நூல்களில் உள்ளது. முன்னோர் சொற்களை அப்படியே எடுத்தாள்வதை நன்னூலார் தகுதியாகவே கூறுகிறார். அம்மரபைப் பழிப்பது நம் நோக்கம் அன்று. அதன் விளைவு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். முத்தொள்ளாயிரம் என்னும் நூலின் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள் இன்று நம்மிடம் இருப்பதற்குப் புறத்திரட்டே காரணம். அதைத் தொகுத்தவர் பாடல்களோடு அவை எந்நூலைச் சேர்ந்தவை என்பதையும் குறித்து வைத்தார். தகடூர் யாத்திரையின் எஞ்சிய பாடல்களும் இவ்வாறே நமக்குக் கிடைத்தன. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் மறைந்துபோன தமிழ் நூல்களைப் பற்றி எழுத முடிந்ததும் உரையாசிரியர்கள் அங்கங்கே நூற்பெயரைச் சொல்லிச் சென்றதால்தான். அவர்கள் பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட செய்யுள்களோ இன்றளவும் தாய் அறியாத பிள்ளைகளாய் நிற்கின்றன. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் இறுதியில் 'விளங்கா மேற்கோளகராதி' என்று ஒரு பகுதியைச் சேர்த்தார். உரையில் வரும் மேற்கோள்களுள் எந்நூலைச் சேர்ந்தவை என்று தாம் அறிய இயலாதவற்றை அதில் வரிசைப்படுத்தி வைத்தார். அறிந்தவற்றை மட்டும் காட்டிவிட்டு அறியாதவற்றை மறைத்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பின்வருபவர் ஒருவர் கண்டுபிடிக்கக்கூடும் என்ற எண்ணமே அந்த அகராதியைச் செய்ய வைத்தது என நாம் கருதுகிறோம். நம் மரபில் சான்று காட்டும் ஒழுக்கம் இல்லை என்போர் அந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

இக்கருத்தை நம் வட்டாரத்தோடு பொருத்திப் பார்க்கும்போதே அதன் முழு எடையும் தெரிகிறது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி நூலாக வராமல் நாளிதழ்ப் பக்கங்களிலேயே தங்கிவிட்டது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. 1950-51இல் அவ்விதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' இந்நாட்டுச் சிறுகதை வளர்ச்சியின் திருப்பம் என்று ஆய்வேடு தோறும் படிக்கிறோம். சான்றாகக் காட்டப்படுவதோ பெரும்பாலும் பின்னாளில் எழுதப்பட்ட ஓர் இலக்கிய வரலாற்று நூல், அல்லது அந்நூலைப் பார்த்து எழுதிய மற்றோர் ஆய்வேடு. வகுப்பின் பாடங்கள் எந்நாள் இதழ்களில் வந்தன, எத்தகைய பயிற்சிகள் தரப்பட்டன, பயின்றவர் கதைகள் எவ்வாறு மதிப்பிடப்பட்டன என்பவற்றை இதழைப் பார்த்தவர் மட்டுமே சொல்ல இயலும். 1930இல் வந்த வே. சின்னையா பிள்ளையின் நவரச கதாமஞ்சரி பற்றிய செய்தியும் இவ்வாறே கைமாறி வருகிறது. நூலைக் கண்டு எழுதியவர் யார், கண்டவர் எழுதியதைக் கண்டு எழுதியவர் யார் என்பதைத் துணைநூற்பட்டியலிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை.

சிங்கப்பூரில் நிலை சற்று மேல். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் காண இயலுகிறது. ஆயின் அங்கிருந்து எடுக்கும் மாணவரும் 'தமிழ் முரசு, 1953' என்று மட்டும் எழுதிவிடுகிறார். அந்த ஓராண்டில் மட்டும் எத்தனை இதழ்கள் வந்திருக்கும்! அவ்வாண்டை மட்டும் குறிப்பது, கோலாலம்பூரில் இருக்கிறார் என்று சொல்லி ஒருவரைத் தேட அனுப்புவதற்கு ஒப்பாகும்.

நாளிதழ்த் தாள் விரைவில் பழுப்பேறி உதிர்வது. தனியார் வீட்டு அலமாரிகளில் உள்ள நறுக்குகளில் பலவற்றுக்கு நாளும் இல்லை, இதழ்ப் பெயரும் இல்லை. ஆய்வுக்காக இன்று அவற்றைக் கையில் எடுக்கும் மாணவரே அவற்றைக் கடைசியாகக் காண்பவராக இருக்கக்கூடும். ஆகவே இதழ்ப் பெயர், நாள், மாதம், ஆண்டு, பக்கம் என்பவற்றோடு, தாம் கண்டது அச்சிதழா, நுண்படச் சுருளா, மின்படியா, தனியார் வைத்திருந்த நறுக்கா, அது எந்த நூலகத்தில் அல்லது யாரிடம் உள்ளது என்பதையும் அவர் குறித்தல் வேண்டும். நறுக்கில் நாள் இல்லையெனில் 'நாள் அறியப்படவில்லை' என்று எழுதி, பின்பக்கத்தில் அச்சாகியுள்ள விளம்பரமோ செய்தியோ காலத்தை உணர்த்துமாயின் அதையும் சேர்த்து எழுதலாம். நெறியாளர்கள் இக்குறிப்புகளை முதல் இயலின் வரைவிலேயே கேட்டுப் பெறுதல் வேண்டும். இறுதி வரைவில் கேட்டால் மாணவர் நூலகத்துக்குத் திரும்பிச் செல்ல நேரம் இருப்பதில்லை. பல வேளைகளில் நறுக்கும் திரும்பிக் கிடைப்பதில்லை.