அடித்தார்கள், வெளுத்தார்கள், 'அவுட்பெர்ஃபார்ம்' செய்தார்கள்

இங்கிலீஷ் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை ஒருநாள் நிதானமாகப் படித்துப் பாருங்கள். மேட்ச் ரிப்போர்ட்டா, அடிதடி வழக்கின் எஃப்.ஐ.ஆரா என்று சந்தேகம் வரும். ஒரு அணி இன்னொரு அணியை 'த்ராஷ்' செய்திருக்கும். பக்கத்துச் செய்தியில் 'ஹேமர்', அதற்குக் கீழே 'மால்'. சுத்தியலால் அடிக்கிறார்கள், கரடி மாதிரிப் பிறாண்டுகிறார்கள். சும்மா ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களே கிடையாது. தொடர் முழுவதையும் ஜெயித்தால் 'வொயிட்வாஷ்'. 2006-07 ஆஷஸ் தொடரில் ஆஸ்திரேலியா 5-0 என்று இங்கிலாந்துக்கு வெள்ளையடித்து அனுப்பியது.

இவற்றின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 'த்ராஷ்' என்பது கதிரடிப்பதைக் குறிக்கும் 'த்ரெஷ்' என்ற சொல்லின் உடன்பிறப்பு. களத்துமேட்டில் தானியத்துக்குச் செய்ததை இப்போது எதிரணிக்குச் செய்கிறார்கள். 'டிஃபீட்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. செய்ததைக் கலைத்துவிடுவது என்று அர்த்தம். இன்னொரு வேடிக்கை, 'பெஸ்ட்', 'வொர்ஸ்ட்' இரண்டையும் வினைச்சொல்லாக்கினால் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். நான் உங்களை 'பெஸ்ட்' செய்தாலும் தோற்றது நீங்கள், 'வொர்ஸ்ட்' செய்தாலும் தோற்றது நீங்கள். தப்பிக்கவே முடியாது!

இந்த அடிதடிச் சொற்களில் எனக்கு ஒரு குறை உண்டு. தோற்றவருக்கு எவ்வளவு வலித்தது என்று சொல்கின்றன. ஜெயித்தவர் எப்படி ஜெயித்தார் என்று சொல்வதில்லை. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று தோற்கடித்ததை 'த்ராஷ்' என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் அதில் நாலு கோல்கள் ஆறே நிமிடத்தில் விழுந்தன என்பதை அந்தச் சொல் உங்களுக்குச் சொல்லாது.

அதற்குத்தான் இங்கிலீஷில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. 'அவுட்' என்று ஆரம்பிக்கும் சொற்கள். 'அவுட்ரன்' என்றால் ஓட்டத்தில் மிஞ்சுவது. 'அவுட்விட்' என்றால் புத்தியில் மிஞ்சுவது. 'அவுட்லாஸ்ட்' என்றால் தாக்குப்பிடிப்பதில் மிஞ்சுவது. எதில் ஜெயித்தார் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் ஒரு படி மேலே போய், ஹாம்லெட் நாடகத்தில் ஏரோது ராஜாவின் பெயருக்கு முன்னால் 'அவுட்' போட்டு வினைச்சொல் ஆக்கிவிட்டார். பழைய மத நாடகங்களில் ஏரோதாக வருகிறவர் மேடை அதிரக் கத்துவார். அவரையே கத்தலில் மிஞ்சுவது என்று பொருள்.

2010 விம்பிள்டனில் ஐஸ்னரும் மாஹுவும் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். மூன்று நாள் நீண்ட ஆட்டம், கடைசி செட் 70-68. அங்கே யாரும் யாரையும் அடித்து நொறுக்கவில்லை. ஐஸ்னர் 'அவுட்லாஸ்ட்' செய்தார், அவ்வளவுதான். அடுத்த சுற்றில் களைத்துப்போன ஐஸ்னரை டி பாக்கர் 74 நிமிடத்தில் முடித்துவிட்டார். அதற்கு வேண்டுமானால் 'த்ராஷ்' போட்டுக்கொள்ளுங்கள். 1974-ல் கின்ஷாசாவில் முகமது அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மேனை அடிக்கவிட்டு, அவர் களைத்ததும் எட்டாவது ரவுண்டில் சாய்த்தாரே, அது 'அவுட்விட்'. பலத்தில் ஃபோர்மேன் பெரியவர், புத்தியில் அலி.

சரி, இவ்வளவு நல்ல குடும்பத்தில் ஒரு போக்கிரி இருக்கிறது. பெயர் 'அவுட்பெர்ஃபார்ம்'. விளையாட்டுப் பக்கத்தைவிட பிசினஸ் பக்கத்தில்தான் அதிகம் நடமாடும். பி.காம். படித்தவன் என்பதால் இதன்மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

ஒரு கணக்கு போடுவோம். 2008-ல் சென்செக்ஸ் ஏறக்குறைய 52 சதவீதம் விழுந்தது. அந்த வருஷம் ஒரு ஃபண்ட் 45 சதவீதம் விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்ட ஒரு லட்சம் 55,000 ஆகிவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் அந்த ஃபண்ட் சந்தையை 'அவுட்பெர்ஃபார்ம்' செய்திருக்கும்! அடுத்த வருஷம், 2009-ல், சென்செக்ஸ் 81 சதவீதம் ஏறியது. உங்கள் ஃபண்ட் 60 சதவீதம்தான் ஏறியது என்று வையுங்கள். 55,000 ரூபாய் 88,000 ஆகிறது. ஆனால் இந்தத் தடவை அதன் பெயர் 'அண்டர்பெர்ஃபார்ம்'. அதாவது உங்கள் பணத்தில் 45,000 போன வருஷம் வெற்றி, 33,000 திரும்பி வந்த வருஷம் தோல்வி!

கம்பெனி ரிசல்ட்டிலும் இதே கதைதான். நூறு கோடி நஷ்டம் வரும் என்று நிபுணர்கள் எதிர்பார்த்து, எண்பது கோடி நஷ்டம் வந்தால், எதிர்பார்ப்பை 'பீட்' செய்துவிட்டது என்று தலைப்பு வரும். அடி வாங்கியது நிபுணர்களின் மதிப்பீடு. எண்பது கோடி என்னவோ போனது போனதுதான்.

சொல்லில் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஃபண்ட் மேனேஜர்களில் யார் கெட்டிக்காரர் என்று பார்க்க இந்த ஒப்பீடு அவசியம். எல்லாரும் வழுக்கி விழும் பாதையில் ஒருவர் மட்டும் முட்டியோடு தப்பித்தால் அது சாமர்த்தியம்தான். பிரச்னை என்னவென்றால், அது மேனேஜருக்கான மார்க். அதைத் தன் வரவு என்று நினைத்து சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பையனுக்கு ஃபீஸ் கட்டப் போகும்போது காலேஜ் கவுன்டரில், "சார், இண்டெக்ஸைவிட 7 சதவீதம் அதிகம்" என்று சொல்லிப் பாருங்களேன். ரசீது கிடைக்குமா?

மேட்ச் ரிப்போர்ட்டில் எந்த வினைச்சொல் வந்தாலும் பக்கத்திலேயே ஸ்கோர் இருக்கும். சொல் மிகைப்படுத்தினால் ஸ்கோர் காட்டிக்கொடுத்துவிடும். ஃபண்ட் விஷயத்திலும் ஸ்கோர் உண்டு. மாதாமாதம் வரும் ஃபேக்ட்ஷீட்டில் ஃபண்டின் வருமானமும் அது தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் இண்டெக்ஸின் வருமானமும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது மேனேஜருடைய கெட்டிக்காரத்தனம். கழிக்காமல் நிற்கும் அந்த முதல் எண்தான் உங்கள் பணம். அதை முதலில் படியுங்கள்.