சாம்சனில் இருந்த குரல்

ப்ரூஸ் டிக்கின்சனை உருவாக்கியதே அயர்ன் மெய்டன்தான் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாம்சன் குழுவில் அவர் பாடிய ‘ஷாக் டாக்டிக்ஸ்’ (1981) ஆல்பத்தைக் கேளுங்கள். அந்த உச்சஸ்தாயி அங்கேயே முழுசா இருக்கு. (அப்போ மேடைப்பெயர் ‘ப்ரூஸ் ப்ரூஸ்’. நல்லவேளை, நிலைக்கவில்லை.) பால் சாம்சனின் கிதார் ப்ளூஸ் சாயலில் தரையோடு நடக்கிறது, குரல் மட்டும் மேலே தனியாகத் தவிக்கிறது. அதே ஆண்டு மெய்டனுக்குப் போனார். ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் குதிரைப் பாய்ச்சலில் ஓட, இந்தக் குரலுக்கு ஓடுவதற்கு இடம் கிடைத்தது. ஆனால் சாம்சன் கால ஒப்பந்தச் சிக்கலால், 1982இல் வந்த ‘தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்’ ஆல்பத்தில் ஒரு பாட்டிலும் எழுதியவராக அவர் பெயர் இல்லை. மறுவருடம் ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ ஆல்பத்தில் ‘ரெவலேஷன்ஸ்’ அவர் ஒருவர் பெயரிலேயே வந்தது. பாட்டு எழுதும் டிக்கின்சனை மெய்டன் கேட்க ஆரம்பித்தது அங்கேதான்.