பூசி மெழுகுதல்

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு சுவர் பளிங்குபோல இருக்கிறது. வெள்ளையில் சாம்பல் நரம்புகள் ஓடுகின்றன. விரல் முட்டியால் தட்டினால் சிமெண்ட். சென்ற ஆண்டு வீட்டுக்கு வண்ணம் அடித்தபோது விரும்பிக் கேட்டுச் செய்துகொண்டது. வருகிறவர்கள் தடவிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்கிறார்கள். பெயிண்டரின் பெயரைச் சொல்கிறேன். அந்தப் பதில் பாதிதான் என்பது எனக்குச் சில மாதங்கள் கழித்தே உறைத்தது.

போலித் தோற்றம் என்பதற்காக இந்தச் சுவரை நான் குறை சொல்லப்போவதில்லை. கல் இல்லாத இடத்தில் கல்லைக் காட்டுவது மிகப் பழைய ஆசை. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்து வீடுகளிலேயே, சுதையைப் பளிங்குக் கட்டிகளாகப் புடைத்தெடுத்து வண்ணம் தீட்டிய சுவர்கள் இருக்கின்றன. நம் ஊரில் அந்த ஆசைக்குப் பெயர் மதராஸ் சுண்ணாம்பு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கே வந்த ஐரோப்பியர்கள் தூண்களின் பளபளப்பைப் பளிங்கோடு ஒப்பிட்டு வியந்து எழுதினார்கள். செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், மதராஸில் சாந்து தயாரிக்கும் முறையை 1730களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விளக்கினார். கிளிஞ்சல் சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய், மோர், முட்டையின் வெள்ளைக்கரு என்று போகும் அந்தப் பக்குவம் சமையல் குறிப்பைப் போலவே இருக்கும்.

சமையலைப் போலவே அதில் அரைக்கும் வேலையும் உண்டு. முதல் பூச்சு சொரசொரப்பாக இருக்கலாம். கடைசிப் பூச்சுக்கான சுண்ணாம்பை அம்மியில் மைபோல அரைத்தாக வேண்டும். ஒரு திப்பி இருந்தாலும் பளபளப்பு கெட்டுவிடும். பிறகு வழுவழுப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். இன்றும் செட்டிநாட்டு வீடுகளைப் பழைய முறையில் புதுப்பிக்கும் இடங்களில் அம்மிக்கு முன்னால் அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். கரணை கொத்தனார் கையில் இருக்கும். சுண்ணாம்பு இடிக்கும் பாட்டுகளை நாட்டுப்புறவியல் வகுப்பில் நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். பக்தி இலக்கிய வகுப்பில் திருப்பொற்சுண்ணம் நடத்துகிறேன். அங்கே பெண்கள் ஒருவரையொருவர் அழைத்து இறைவனுக்கு நறுஞ்சுண்ணம் இடிக்கிறார்கள். உரலும் உலக்கையும் பாட்டும் இரண்டிலும் உண்டு. அப்படி இடித்த கைகளுக்கு என்ன கூலி என்ற கேள்வி மட்டும் எந்த வகுப்பிலும் வந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

வண்ணம் தேர்ந்தெடுக்கக் கடையில் கொடுத்த கையேட்டை ஒரு பனுவலாகவே படித்தேன். ஈரமான மேற்பூச்சின்மீது பஞ்சை ஒற்றி எடுத்தால் ஸ்பாஞ்சிங். கசக்கிய பழந்துணியால் ஒற்றினால் ராகிங். சீப்புபோன்ற பல்லால் இழுத்தால் கோம்பிங். பளிங்கின் நரம்பைக் கோடிழுக்கப் பறவை இறகு. பஞ்சும் பழந்துணியும் சீப்பும் ஒரு வீட்டில் யார் கையில் புழங்குகிற பொருள்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவள் துணியால் துடைத்தால் அது அன்றாட வேலை. அதே துணியை ஏணிமேல் நின்று ஒருவர் ஒற்றினால் அது ‘எஃபெக்ட்’. அதற்குச் சதுர அடிக் கணக்கில் விலை. கையேட்டின் படங்களிலும் பெண் இருக்கிறாள். முடிந்துவிட்ட சுவருக்கு முன்னால், சோபாவில், கையில் காப்பிக் கோப்பையோடு.

பெண்ணே தூரிகையை எடுத்துக்கொண்டால் இது சரியாகிவிடுமா? இங்கிலாந்தில் அப்படி ஒன்று நடந்தது. குறைந்த செலவில் நன்றாகச் சமைப்பது எப்படி என்று 1971இல் புத்தகம் எழுதிய ஜோகாஸ்டா இன்னஸ், 1981இல் ‘பெயிண்ட் மேஜிக்’ எழுதினார். கைதேர்ந்த அலங்காரக்காரர்களின் பளிங்கு வேலையையும் துணி வேலையையும் வீட்டிலிருப்பவர்களே செய்துகொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்த நூல் அது. அந்தப் புத்தகம் மிகுந்த புகழ் பெற்றது. தொழில் ரகசியத்தை ஒரு பெண் உடைத்துப் பொதுவில் வைத்தது எனக்கு உவப்பானதே. ஆனால் அது தன் வீட்டுச் சுவரைத் தானே அழகுபடுத்திக்கொள்கிறவருக்கான விடுதலை. அடுத்தவர் வீட்டுச் சுவரில் கூலிக்கு நிற்கிறவளுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. நம் பெண்ணியப் பேச்சிலும் சுவர் என்றதும் கோலம், சித்திரம், வெளிப்பாடு என்று போய்விடுகிறோம். உப்புத்தாள் வரை வருவதில்லை.

எங்கள் வீட்டில் உப்புத்தாள் பிடித்தது ஒரு பெண். பழைய வண்ணத்தைச் சுரண்டினார், விரிசலை அடைத்தார், பட்டி கலந்து கொடுத்தார், காய்ந்த பட்டியை உப்புத்தாளால் தேய்த்தார். இப்படி நான்கு நாள். ஐந்தாம் நாள் பெயிண்டர் இறகோடு வந்து ஒன்றரை நாளில் பளிங்கை வரைந்தார். சுவர் சமமாக இல்லையென்றால் பளிங்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடும் என்று அவரே சொன்னார். “நீங்களும் ஒரு ஓரமா ஒத்திப் பாக்கலாமே” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “ஏணியில ஏறுனா பெயிண்டர் டீச்சர். நான் கீழதான நிக்கிறேன்” என்றார்.

கட்டட வேலையில் பெரியாள், சித்தாள் என்பார்கள். சித்தாள் என்றால் சிற்றாள். பத்து ஆண்டு வேலை செய்த கொத்தனார் மேஸ்திரி ஆகலாம். இருபது ஆண்டு வேலை செய்த சித்தாளும் பெரும்பாலும் சித்தாள்தான். ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சம ஊதியம் தர வேண்டும் என்று 1976இலேயே சட்டம் வந்தது. அதைத் தாண்ட யாரும் அதிகம் சிரமப்படவில்லை. வேலைக்கு வேறு பெயர் வைத்தால் போதும். பட்டி பார்ப்பதும் தேய்ப்பதும் ‘உதவி’ ஆனபிறகு, ஒப்பிட்டுப் பார்க்க ஒத்த வேலையே இல்லாமல் போகிறது.

கூலியோடு இது முடிவதில்லை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த வண்ணங்கள் இன்னும் பல வீட்டுச் சுவர்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. உலர்ந்த நிலையில் தேய்த்தால் அது தூளாகி மூச்சில் போகும். கருவுற்றிருந்தால் ஈயம் குழந்தையையும் எட்டும். எங்கள் வீட்டுப் பழைய வண்ணத்தில் என்ன இருந்தது என்று நான் விசாரிக்கவில்லை. அவர் முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். நான் பக்கத்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விடைத்தாள் திருத்தினேன்.

தமிழில் ஒரு குற்றத்தை மறைப்பதற்குப் பூசி மெழுகுதல் என்று பெயர். சாணம் கரைத்துத் திண்ணையையும் தரையையும் மெழுகிய பெண்களின் வேலை, பொய்க்கு உவமையாகிவிட்டது. மெழுகியவர்கள் எதையும் மறைக்கவில்லை. மண் தரையை மண் தரையாகவே காத்தார்கள். காலையில் மெழுகியது நாலு நாளில் பெயரும் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் மறைக்கும் வேலையைச் செய்தது சுவர் அல்ல, ரசீது.

அந்த ரசீதைச் சில மாதங்கள் கழித்து வேறு எதற்கோ எடுத்துப் பார்த்தேன். ‘பெயிண்டர் 1, ஹெல்பர் 1’ என்று இருந்தது. பட்டி வேலை என்று ஒரு வரி இல்லை. மேஸ்திரியைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்து மாடி அறைக்கு வரும்போது பட்டி வேலையைத் தனியாக எழுதி, அந்த அம்மா பெயரையும் போடச் சொன்னேன்.

“எழுதலாம் டீச்சர். ஆனா பேரு மாறுனா ரேட்டும் மாறும், பரவால்லையா?” என்றார்.

இத்தனை நாள் நான் படித்த எந்தக் கோட்பாட்டு நூலும் இதை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. மாறட்டும் என்றேன். மாடி அறைக்குப் பளிங்கு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பணம் பட்டிக்குப் போகும்.