மனக்கோயிலும் தொழில்வன்மையும்

வன்மை என்பது ஒரு வினையை அதன் முறை பிறழாமலும், காலமும் கருவியும் வீணாகாமலும், கருதிய பயன் நிரம்பச் செய்து முடிக்கும் ஆற்றலாம். புலவர்க்குச் சொல்வன்மையும், தச்சர்க்குக் கைவன்மையும், இல்லறத்தார்க்கு வாழ்க்கையை நடாத்தும் வன்மையும் வேண்டப்படுவன. சிவநெறிக்கண் நிற்பார்க்கு இஃது எத்துணைத் தேவை என்பது பற்றி நம்மவருள் இருவேறு கருத்துக்கள் நிலவுகின்றன. அன்பொன்றே அமையும், வேலையின் செம்மையைப் பற்றிக் கவலை வேண்டா என்பார் ஒருசாரார். தம் கைத்திறனே அனைத்தையும் முடித்தது என்று செருக்குவார் மற்றொருசாரார். முன்னையோர் தம் கொள்கைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது பூசலார் நாயனார் வரலாறு. சேக்கிழார் பெருமான் அதனைப் பாடியுள்ள முறையை உற்றுநோக்கின், அச்சான்று அவர்க்குச் சிறிதும் உதவாது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

திருவள்ளூர் மாவட்டத்திலே, சென்னையினின்றும் அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது திருநின்றவூர். அவ்வூரிற் பிறந்த பூசலார், இறைவனுக்கு ஓர் ஆலயம் எடுக்க விழைந்து, எங்கும் பொருள் தேடிப் பெறாமல் வருந்தி, முடிவில் மனத்தினாலேயே கோயில் கட்டலானார். அக்கோயிலில் இறைவனை எழுந்தருளுவிக்க அவர் குறித்த நாளும், கச்சியிலே காடவர் கோமான் தான் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளும் ஒன்றாயின. இறைவன் அரசன் கனவிலே தோன்றி, நின்றவூரில் அன்பன் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துள் யாம் நாளைப் புகுவோமாகலின், நீ நின் செயலைப் பின்னொரு நாளிற் செய்வாயாக என்று அருளினான். அரசன் நின்றவூர் சென்று தேடியும் கோயிலைக் கண்டிலன். பூசலார் வாயிலாக உண்மையுணர்ந்து அவரைப் பணிந்து மீண்டான். அவ்வூர் இருதயாலீசுவரர் திருக்கோயிலின் கருவறையிலே நாயனார் திருவுருவமும் விளங்குதலை இன்றும் காணலாம்.

இவ்வரலாற்றால் பெறப்படுவது யாது? கல்லும் சுண்ணமும் தச்சனும் உளியும் பொருட்படுத்தத் தக்கன அல்ல, நினைப்பே போதும் என்பதன்றோ எனின், அன்று. என்னை? பூசலார் நினைத்தது வெறும் நினைப்பன்று, அது தொழில். ஒரு நொடியில் கோயிலொன்றை எண்ணிக்கொண்டு, முடிந்தது என்று அவர் எழுந்தாரல்லர்.

சேக்கிழார் கூறும் முறையைக் காண்க. நாயனார் முதற்கண் பொருளைச் சேர்க்கின்றார். மனத்திற் சேர்க்கும் பொருளுக்கு எல்லையுண்டோ? ஒரே நினைவில் குபேரன் நிதியனைத்தையும் குவித்துக் கொள்ளலாமே! அவரோ சிறிது சிறிதாகச் சேர்க்கின்றார். பின்னர்க் கட்டுதற்கு வேண்டும் பண்டங்களையும் தச்சரையும் தேடிக்கொள்கின்றார். நல்ல நாள் நோக்கி, ஆகமத்தின்படி அடிநிலை இடுகின்றார். இரவிலும் கண்துயிலாது பணி செய்கின்றார். அடிவரிசை முதலாக மேல்வரிசை ஈறாக முறையே எடுத்து, விமானத்தை அளவு குன்றாமல் நிரப்புகின்றார். சிகரமும் தூபியும் அமைத்து, சுதைவேலை முடித்து, கிணறும் மதிலும் குளமும் வகுத்த பின்னரே, எழுந்தருளுவித்தற்கு நாள் குறிக்கின்றார். பிறர் எவரும் காணாத கோயிலிலே ஒரு முழம் குறைந்தால் கேட்பார் யார்? கேட்பாரில்லாத இடத்தும் அளவு குறையாமற் செய்தமையே அவரது அன்பின் அடையாளமாயிற்று. ஆகவே, அன்பு வன்மையை விலக்கிற்றென்னல் பொருந்தாது. அன்பே அவர்க்கு வன்மையாய் முதிர்ந்தது என்பதே பொருந்தும்.

இனி, ஆசிரியரது சொல்வன்மையும் இவ்விடத்தே கருதத்தக்கது. அரசன் வந்து வினவியபோது, இங்கே அத்தகைய கோயில் இல்லை என்று ஊரார் கூறுகின்றனர். அவர் கூற்று கண்ணுக்கு மெய்யே. ஆயினும் கற்போராகிய நாம் அவர் பக்கம் நிற்பதில்லை. இருக்கின்றதே, இவர் அறியவில்லையே என்றே இரங்குகின்றோம். காரணம் என்னை? அடிநிலை முதல் தூபி வரை அக்கோயில் எழுந்ததை நாம் முன்னரே கண்டுவிட்டோம். கட்டிய முறையைக் கூறாது, மனத்தில் கோயில் செய்தார் என ஒரு சொல்லில் முடித்திருப்பின், நாமும் ஊராரோடு சேர்ந்தே ஐயுற்றிருப்போம். வியப்புச் சொற்களைக் குவித்துப் புகழாமல், வேலையின் முறையைச் சொல்லியே காணாக் கோயிலைக் காணச் செய்தார். இம்முறை அவர்க்குக் கேள்வியளவில் வந்ததன்று என்று கருத இடமுண்டு. அவர் தம் ஊராகிய குன்றத்தூரிலே திருநாகேச்சரம் என்னும் ஆலயத்தை எடுப்பித்தார் எனச் சேக்கிழார் புராணம் கூறும். கோயிற்பணியை முன்னின்று நடத்தியவர்க்கு அதன் படிகள் தெரியும். தெரிந்தமையாற் பாட்டும் பிழையாதாயிற்று.

அரசன் கற்றளி இழிக்கப்பட்டதோ எனின், அதுவும் இல்லை. இறைவன் நாளை மாற்றச் சொன்னானேயன்றிப் பணியைக் கைவிடச் சொன்னானல்லன். கச்சிக் கற்றளி என்பது இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கயிலாசநாதர் கோயிலே என அறிஞர் கொள்வர். அவ்வரசன் அசரீரி வாக்கொன்றைக் கேட்டான் என்னும் குறிப்பு அக்கோயிற் கல்வெட்டில் உள்ளது. அதனை இவ்வரலாற்றோடு இயைத்துக் காண்பாரும் உளர். கருங்கல் அடித்தளத்தின்மேல் மணற்கல்லால் எழுந்த அத்தளி, 1,300 ஆண்டுகள் கழிந்தும் சிற்பியர் கைவன்மைக்குச் சான்றாய் நிற்கின்றது.

அற்றேல், கைவன்மையைப் பெரிதாகக் கொண்டு செருக்குதல் தகுமோ எனின், தகாது. சித்தாந்த நூல்கள் இதற்கு விடை பகர்கின்றன. உயிரின் இச்சை, அறிவு, செயல் என்னும் மூன்றாற்றலும் ஆணவ மலத்தால் மறைப்புண்டு கிடப்பன. மாயையினின்றும் தோன்றும் கலை என்னும் தத்துவம் அம்மறைப்பைச் சிறிதே விலக்கி, உயிரின் கிரியா சத்தியை விளக்குகின்றது. வித்தை ஞான சத்தியையும், அராகம் இச்சா சத்தியையும் விளக்கும். தொழில் நுட்பங்களையும் நாம் கலை என்றே வழங்குகின்றோம். இப்பெயரொப்புமை நமக்கோர் நினைவூட்டலாக நிற்பதாக. ஒருவன் விரல் பிழையாது இயங்கும்போது, இருளில் ஒரு சிறு பகுதி விலகியிருக்கின்றது. விலக்கியது திருவருளின் ஏவல். இரவல் விளக்கை ஏந்தினவன் ஒளியெல்லாம் தனதென்பானாயின், அவனைக் கண்டு நகையாதார் யார்? மற்று, அவ்விளக்கைப் பெற்றும் ஏற்றாது மூலையில் வைப்பானும் அருளை அவமதித்தவனே ஆவான். எனவே செருக்கும் சோம்பலும் ஒரே பிழையின் இரு முகங்களாம்.

கோயிற்பணிக்கு இது பொருந்தும். வயிற்றுக்காகச் செய்யும் கூலிவேலைக்குப் பொருந்துமோ என ஐயுறுவார்க்குக் கலிய நாயனார் விடையாவார். சென்னையினின்றும் கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில் உள்ள திருவொற்றியூரிலே திருவிளக்குத் தொண்டு செய்த அவர், செல்வம் தேய்ந்தபின் பிறர்தரும் எண்ணெயை விற்றுக் கூலி பெற்றார். பின்னர்ச் செக்காட்டியும் கூலி பெற்றார். அக்கூலியே கோயில் விளக்காயிற்று. செக்கின் சுற்று வேறு, வழிபாடு வேறு என்று அவர் பிரித்தாரல்லர். அவ்வழியே மேலும் வடக்கே சென்றால், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இரவும் பகலும் இயங்குகின்றன. அங்கே பழுத்த இரும்பின் முன் நிற்கும் தொழிலாளி ஒருவன் கை தவறினால் அருகில் நிற்போனுக்கு உயிர்க்கேடு. அவன் வார்த்த கம்பி பழுதாயின், என்றோ எங்கோ ஒரு கட்டடத்தின்கீழ் வாழ்வார்க்குக் கேடு. கேட்பாரில்லாத இடத்தும் அளவு குறையாமை என்னும் பூசலார் நெறி அவனுக்கும் உரியது. திருநீறணிந்து ஆலைக்குட் புகும் அன்பன், தன் கவனமும் உயிரிரக்கத்தின் ஒரு கூறே என்றுணர்வானாயின், அவன் தொழில் தொண்டாகும்.

நம் திருப்பணிகளை இவ்வளவையால் அளந்து பார்ப்பது கடன். கற்சுவரைத் தூய்மை செய்கின்றோம் என்று மணலை விசையுடன் வீசிப் பண்டைக் கல்வெட்டெழுத்துக்களைத் தேய்த்த இடங்கள் உண்டு. திருமுறைகளை அன்பினால் அச்சிடுகின்றோம் என்று சொல்லி, பிழை திருத்தாது வெளியிடும் பதிப்புக்களும் உண்டு. இவற்றைச் சுட்டினால், எங்கள் அன்பைப் பாரீர் என்பர். அன்பைப் பார்க்கவே கேட்கின்றோம். எழுத்துப் பிழை பார்க்கப் பொறுமையில்லாத அன்பும், கல்லின் இயல்பறிய முயலாத அன்பும் பூசலார் அன்போடு எவ்வாறு ஒக்கும்? பொருளில்லாத அவர், மனத்திலும் வேலையைக் குறைத்திலர். பொருளும் கருவியும் பெற்ற நாம் கல்லிலும் தாளிலும் குறைத்தல் முறையாமோ? திருப்பணி தொடங்குவோரும், நூல் பதிப்போரும், நாள்தோறும் உழைத்து உண்போரும் நின்றவூர் அன்பர் கட்டிய முறையை ஒருகால் ஓதி உணர்ந்து, அதன்பின் கருவியைக் கையில் எடுப்பாராக.

திருச்சிற்றம்பலம்.