முதலில் நல்ல காது

வலது காது வலிக்கிறது என்று போய் உட்கார்ந்தால், தேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் இடது காதைத்தான் முதலில் பார்ப்பார். அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நமக்குத் தோன்றும். வந்தவரின் இயல்பான காது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவும், சீழ் பட்ட கருவி முனை நல்ல காதுக்குள் போய்விடாமல் இருக்கவும்தான் இந்த வரிசை.

கருவியைக் கையில் எடுக்குமுன்பே பாதி சங்கதி தெரிந்துவிடுகிறது. காதுத் துளைக்கு முன்னால் சிறு மேடாக நிற்கும் குருத்தை விரலால் அழுத்துவார். மடலை மெல்ல அசைப்பார். வந்தவர் முகம் சுளித்துத் தலையை விலக்கினால், கோளாறு பெரும்பாலும் வெளிக்காதுக் குழாயில். எப்படி அசைத்தாலும் வலி கூடவில்லை, ஆனால் உள்ளே குடைகிறது என்றால் சந்தேகம் செவிப்பறைக்கு அப்பால், நடுக்காதுக்குப் போகிறது. இரண்டு நொடி வேலை.

இதைவிட நான் ரசிப்பது ஒன்று உண்டு. மடல் சிவந்து வீங்கியிருந்தால் மருத்துவரின் கண் உடனே தோடு போடும் சோணைக்கு இறங்கும். சோணையில் குருத்தெலும்பு கிடையாது. ஆகவே மடல் கனன்றுகொண்டிருக்க, சோணை மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தால், தொற்று குருத்தெலும்பின் உறையைப் பிடித்திருக்கக்கூடும். சோணையும் சேர்ந்து சிவந்திருந்தால் அது தோலோடு நிற்கும் தொற்றாக இருக்கலாம். மடலின் மேல்விளிம்பில் குத்திக்கொள்ளும் இளவட்டங்களுக்கு முதல் வகை வருவதுண்டு. காதுகுத்துக்குச் சோணையைத் தேர்ந்த நம் முன்னோரை மெச்சத்தான் வேண்டும். பாம்படத்தின் கனத்தில் அறுந்துபோன சோணைகள் தனிக்கதை.

பிறகுதான் காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப். பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னுமாக, சிறு குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக இழுத்தால் வளைந்த குழாய் நேராகும். கருவியைப் பேனாப் பிடியில் பிடித்து, சுண்டுவிரலைக் கன்னத்தில் ஊன்றிக்கொள்வார்கள். குழந்தை சட்டென்று தலையைத் திருப்பினாலும் கையும் கூடவே திரும்பும். முனை உள்ளே குத்தாது.

பெரியவர்களுக்குக் குழாயின் நீளம் சுமார் 2.5 செ.மீ. அதன் வெளிப்புற மூன்றிலொரு பங்கில்தான் முடியும் குரும்பிச் சுரப்பிகளும் இருக்கின்றன. எனவே முடி வேரில் வரும் கட்டி அங்கேதான் வரும். குரும்பி செவிப்பறையை ஒட்டி அடைத்துக் கிடந்தால், பெரும்பாலும் பட்ஸோ கொண்டை ஊசியோ தள்ளிவிட்டிருக்கும். நனைந்த செய்தித்தாள் போல ஒரு படலமும் அதில் கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் பூஞ்சை. சிலருக்குக் குழாயைத் தொட்டதுமே இருமல் வரும். வேகஸ் நரம்பின் கிளை ஒன்று அங்கே ஓடுகிறது.

கடைசியில் செவிப்பறை: முத்துச் சாம்பல் நிறம், அதில் ஒரு கூம்பு வெளிச்சம். வலக்காதில் கடிகாரத்தின் 5 மணித் திசையில், இடக்காதில் 7 மணித் திசையில். அந்தப் பறைமேல் வளரும் தோல் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, அழுக்கையும் ஏந்திக்கொண்டு வந்துவிடும். நாம்தான் குறுக்கே போகிறோம்.

வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் யாராவது, இரவில் தூங்கவிடாத காதுவலி என்று சொன்னால், கடையில் வாங்கிய சொட்டு மருந்தோடு காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வெளிக்காதுத் தொற்று அவர்களுக்கு மண்டையோட்டு எலும்புவரை இறங்கக்கூடும்.